கலஞ்சோ: பல வருடப் பராமரிப்பில் தெரிந்தவை

பூ முடிந்ததும் கலஞ்சோ (Kalanchoe) என்ற தொட்டிப் பூச்செடியைத் தூக்கிப் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. பல வருடம் பூக்கக்கூடிய செடி அது. இலை தளதளவென்று இருந்தும் மொட்டே வரவில்லையா? உரத்தைக் கூட்டாதீர்கள், இருட்டைக் கூட்டுங்கள்.

மடகாஸ்கரிலிருந்து வந்த இந்தச் செடி, இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். 6 வாரம் விடாமல், தினமும் 14 மணி நேரம் முழு இருட்டு வேண்டும். மாலை 5 மணிக்கு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் காலை 7 மணிக்கு எடுங்கள். பகலில் நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். பெட்டியின் கைப்பிடித் துளைகளை டேப் போட்டு அடைப்பது முக்கியம்; நடுராத்திரியில் சில நிமிட விளக்கொளி பட்டாலே மொட்டு தடைப்படும். வெயில் படும் இடத்தில் பெட்டியை மூடினால் உள்ளே சூடேறும், அதுவும் மொட்டைத் தாமதப்படுத்தும். மொட்டு கண்ணில் பட்டபின் பெட்டி தேவையில்லை.

அடுத்த சிக்கல் தண்ணீர். தாகத்திலும் இலை தொங்கும், வேர் அழுகினாலும் தொங்கும். தாகத்தில் இலை சுருங்கி மெலியும், மண் காய்ந்து தொட்டி லேசாக இருக்கும். அழுகலில் இலை மஞ்சளாகிக் கொழகொழக்கும், மண் ஈரமாகவே இருக்கும், அடித்தண்டு கறுக்கும். இதைப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றுவதால்தான் பெரும்பாலான செடிகள் சாகின்றன.

அழுகிய செடியிலும் நுனியைக் காப்பாற்றலாம். 8 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, வெட்டுவாயைப் பாருங்கள். பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் மேலே வெட்ட வேண்டும். முழுக்கப் பச்சையாக வரும்வரை விடக்கூடாது. 2, 3 நாள் நிழலில் காயவிட்டு நட்டால், சுமார் 3 வாரத்தில் வேர் பிடிக்கும்.

மண்கலவையில் மட்கிய உரம், பெருமணல், பெர்லைட் (மண்ணை இலகுவாக்கும் வெள்ளைக் குருணை) மூன்றும் சம பங்கு. தொட்டி 10 முதல் 12 செ.மீ. அகலம் இருந்தால் போதும், அடியில் துளை இருக்கட்டும். பெரிய தொட்டியில் ஈரம் தேங்கும்.

பூ வாடியதும் பூங்காம்பை அடியிலிருந்தே கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை வெடிக்கும். இலைக்கணுவில் பஞ்சுபோல் தெரிந்தால் மாவுப்பூச்சி. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைக்கவும். 2, 3 வருடத்தில் அடித்தண்டு கட்டை தட்டிப் பூ குறையும். அதற்குள் புதுத் தண்டுகளை நட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பூனை, நாய் வளர்ப்பவர்கள் செடியை எட்டாத உயரத்தில் வையுங்கள். தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அதிகம் தின்றால் இதயத்துடிப்பே தாறுமாறாகும்.