லால்பாக்: பூவுக்கு அல்ல, பாறைக்குப் போங்கள்

பெங்களூரில் ஜெயநகர் பக்கம் குடியிருப்பதால் காலை நடைக்கு எனக்கு லால்பாக்தான். 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம். இன்று 240 ஏக்கர். சுற்றிலும் ஹாரன் சத்தம், உள்ளே நூற்றாண்டு கண்ட மரங்கள்.

எல்லோரும் கண்ணாடி மாளிகையைத்தான் சொல்வார்கள். 1889-ல் அடிக்கல் நாட்டியது, அழகுதான். ஆனால் குடியரசு தின, சுதந்திர தின மலர்க் கண்காட்சி சமயத்தில் போனால் பூவைவிட முன்னால் நிற்பவர் முதுகைத்தான் அதிகம் பார்க்கலாம்.

என் ஓட்டு பாறைக்கு. சுமார் 300 கோடி வயது என்கிறார்கள். பெங்களூரை நிறுவிய கெம்பே கவுடாவின் பெயரிலுள்ள கோபுரம் நிற்பது அதன் மேல்தான். குனிந்து பாருங்கள்: வெள்ளையும் சாம்பலும் வரி வரியாக, பிசைந்து இழுத்தாற்போல் நெளிந்து ஓடும். வெயில் ஏறிவிட்டால் கால் வைக்க முடியாது. ஏழு மணிக்குள் ஏறிவிடுங்கள்.

குறை ஒன்று உண்டு. மூங்கில் தண்டுகளில் சாவியால் கீறிய காதல் ஜோடிப் பெயர்கள், நடுவில் இதயம் வேறு! தோட்டக்காரர் என்ன செய்வார், பாவம்? கண்ணெதிரே யாராவது கீறினால் நாம்தான் சத்தம் போட வேண்டும்.

வண்டி வேண்டாம். மேற்கு வாசலுக்கு மெட்ரோ இருக்கிறது.

என் மதிப்பெண்: ஐந்துக்கு நாலரை.