பத்மினியின் கார்புரேட்டரைக் கழற்றிக் கொடுக்கும் முன்

கோவையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பட்டறையின் பெயரைப் போடவில்லை. பில்லே தராத இடம், எதைக் காட்டி நிரூபிப்பது?

என்னுடையது 1986 மாடல் பிரீமியர் பத்மினி, அப்பா வாங்கியது. ஃபியட் 1100 வழி வந்த 1089 சிசி இன்ஜின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்ப ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டர். போன தை மாதம் மிஸ்ஸிங் ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் குலுங்கும், ஆக்சிலேட்டரை மிதித்தால் தும்மும். தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் நான்கும் அடுப்புக்கரி. துடைத்துப் போட்டால் நூறு கிலோமீட்டர் ஓடும், மறுபடி அதே கதை.

கார்புரேட்டர் வேலையில் கெட்டிக்காரர் என்று ஒருவரைச் சொன்னார்கள். பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை அவர். "இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் பழைய வண்டிக்கு ஒத்துக்காதுங்க. கார்புரேட்டரை விட்டுட்டுப் போங்க, ரெண்டு நாள்ல டியூன் பண்ணித் தர்றேன்" என்றார். நானும் தலையாட்டினேன். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும், அது உண்மை. ஆனால் அதிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலியத்தான் செய்யும். கரி படிவதோ பெட்ரோல் கூடுதலாகப் போனால். அவர் சொன்னது நேர் தலைகீழ்; எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டு நாள் ஒன்பது நாளாயிற்று. ரிப்பேர் கிட், புது ஜெட் (பெட்ரோல் அளவாகப் போகும் துளையுள்ள சின்னப் பாகம்), கூலி என்று 6,500 ரூபாய். முதல் வாரம் வண்டி நன்றாகவே இழுத்தது, அதை மறைக்கவில்லை. அப்புறம் லிட்டருக்கு 12 கொடுத்தது 8 ஆனது. பிளக் 60 கிலோமீட்டரிலேயே கறுத்தது. திரும்பப் போனால், "பிஸ்டன் ரிங் தேஞ்சு போயிடுச்சுங்க, ஆயில் எரியுது. சிலிண்டரைக் குடைஞ்சு போர் பண்ணணும், 40 ஆயிரம் ஆகும்" என்கிறார்.

அங்கேதான் சந்தேகம் வந்தது. பிளக்கில் இருந்தது உலர்ந்த கரி, தொட்டால் மை போல விரலில் ஒட்டும். ஆயில் ஏறியிருந்தால் ஈரமாகப் பிசுபிசுக்கும், பின்னால் நீலப் புகை வரும். எனக்கு வந்தது கறுப்புப் புகை. ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கிலும் மட்டம் குறையவில்லை. சிலிண்டர் அழுத்தத்தை அளந்து ரிங் தேய்ந்ததா என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பாருங்கள் என்றேன். கேஜ் இல்லையாம்! 40 ஆயிரத்துக்கு வாய்க்கணக்கு.

வீட்டுக்கு வந்து நானே மூடியைக் கழற்றினேன். சோலெக்ஸ் மெயின் ஜெட்டில் துளையின் அளவு எண்ணாகப் பொறித்திருக்கும். புது ஜெட் என்று காசு வாங்கியவர் என் பழைய ஜெட்டையே குடைந்து மாட்டியிருந்தார். எண் அதேதான், துளையின் ஓரம் மட்டும் பிசிறு பிசிறாக. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை விட்டு நிறுத்தும் நீடில் வால்வோடு இருக்க வேண்டிய வாஷரையும் காணோம். அதன் கனத்தை வைத்துத்தான் மிதவை அறையில் பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்கும் என்பது. வாஷர் இல்லாவிட்டால் மட்டம் ஏறி, பெட்ரோல் கூடுதலாகப் போகும்.

இவை அவர் சேர்த்துவிட்டவை. முதலில் இருந்த கோளாறு சோக், அதாவது குளிர்ந்த இன்ஜின் கிளம்பக் கூடுதல் பெட்ரோல் விடும் அமைப்பு. மகளை உள்ளே உட்காரவைத்து, இழுத்துத் தள்ளச் சொல்லிவிட்டு எட்டிப் பார்த்தேன். கேபிள் துருப்பிடித்து, கார்புரேட்டர் பக்கத்து லிவர் பாதியிலேயே நின்றது. சூடான இன்ஜினுக்கும் விடிகாலைக்கான பெட்ரோலே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

கார்புரேட்டரைக் கொடுப்பதென்றால் ஜெட் எண்களைப் போட்டோ எடுத்துவிட்டுக் கொடுங்கள், மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். தீப்பொறிக்கான பாயிண்ட், கண்டென்சர் பார்க்காமல் நேராகக் கார்புரேட்டரில் கலவையைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவைத் திருகுகிறவரிடம் விடாதீர்கள். தீப்பொறி வலுவில்லாமல் போனாலும் இதே கரிதான் படியும். வாசலில் ஐடிலிங்கில் விட்டுப் பார்த்தால் நல்ல வண்டியின் பிளக்கும் கறுப்பாகத் தெரியும், அதைக் காட்டியே பயமுறுத்துவார்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஒரே சீராக ஓட்டி, நின்றதும் ஐடிலிங்கில் விடாமல் உடனே அணைத்து, ஆறியபின் கழற்றுங்கள். வெளிர் பழுப்பாக இருந்தால் சரி.

கேபிள், வாஷர், ஜெட் எல்லாம் சேர்த்து எனக்கு 900 ரூபாய் ஆனது. 6,500-ஐத் திருப்பிக் கேட்கப் போனேன். "வண்டிதான் ஓடுதுல்லங்க, அப்புறம் என்ன?" என்றார்.