தங்க முலாம் மவுத் ஆர்கன் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

க்ரோமேடிக் மவுத் ஆர்கன் (பட்டனை அழுத்தினால் அரைச்சுரமும் வரும் வகை) வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், அதிலும் தங்க முலாம் போட்ட மாடலில் கண் வைத்திருப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். 7,600 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து நான் ஏமாந்த விவரம் இது.

எனக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாது. வாட்ச் பக்கிள் பட்ட இடம்கூடத் தடித்துவிடும். மவுத் ஆர்கனை அரை மணி நேரம் வாசித்தால் உதட்டோரம் அரிக்க ஆரம்பிக்கும். அந்தக் கவலையைத்தான் சென்னையில் ஒரு கடையில் சொன்னேன். "அப்ப நீங்க கோல்டுதான் சார் எடுக்கணும். 24 காரட் முலாம். அலர்ஜியே வராது, சவுண்டும் தனியா ரிச்சா இருக்கும்" என்றார் கவுண்டரில் இருந்தவர். 12 ஓட்டை, சி ஸ்கேல். அதே கம்பெனி, அதே மாடல், சாதா முலாம் 11,400 ரூபாய். தங்க முலாம் 19,000. இரண்டு மாதம் சேர்த்து வைத்த பணத்தைக் கொடுத்து வாங்கினேன்.

முதல் நாளே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. முதல் இரண்டு ஓட்டைகளில் மூச்சுதான் போகிறது, நாதம் எழும்பத் தயங்குகிறது. கீழ் ஸா பிடித்து நிற்கவே முடியவில்லை. பட்டனை அழுத்தி அரைச்சுரம் வாசித்தால் 'ஸ்ஸ்' என்று காற்று கசிகிற சத்தம். புதுசுதானே, பழகப் பழகச் சரியாகும் என்று ஒரு வாரம் பொறுத்தேன். ஆகவில்லை.

என் நண்பரிடம் அதே மாடல் சாதா முலாமில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் பேப்பர் விரித்து, இரண்டின் மேல்மூடியையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். உள்ளே எல்லாம் ஒன்றேதான். அதே பித்தளைத் தகடு, ஒலி எழுப்பும் அதே 48 ரீடு, தகட்டில் குத்தியிருந்த எண்கூட ஒன்று. வித்தியாசம் ஒன்றுதான்: என்னுடையதில் இரண்டாம் ஓட்டையில் காற்று கசியாமல் மூடும் பிளாஸ்டிக் வால்வு, காய்ந்த இலை மாதிரி நுனி சுருண்டு நின்றது. காற்று அந்த வழியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு முனை அறையப்பட்டு, மறுமுனை சின்னப் பிளவுக்குள் ஆடும் மெல்லிய தகடுதான் ரீடு. அதற்கும் பிளவின் விளிம்புக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு நம் மூச்சு வீணாகாமல் ஒலியாகும். வால்வு சரியாகப் படிவது, பட்டனோடு நகரும் ஸ்லைடு தகட்டின் இடுக்கில் காற்று கசியாமல் இருப்பது, எல்லாம் இதே கணக்குதான். தங்கம் பூசியிருப்பதோ மூடியிலும் உதடு படும் பட்டையிலும். ரீடை அது தொடுவதே இல்லை. இதில் "ரிச் சவுண்ட்" எங்கிருந்து வரும்?

சரி, உதட்டுக்காவது நல்லதாக இருக்கும் என்று தேற்றிக்கொண்டேன். ஒன்பதாவது வாரம் நாலாம் ஐந்தாம் ஓட்டைப் பக்கம், கீழுதடு உரசும் இடத்தில், மஞ்சள் மங்கி வெள்ளை தெரிந்தது. அடுத்த வாரமே பழைய அரிப்பு.

என் மனைவியின் சித்தப்பா சிதம்பரத்தில் கவரிங் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். லென்ஸை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "மாப்ள, இது சும்மா ஒரு முக்கு முக்கி எடுத்தது. கால் மைக்ரான் இருந்தாலே அதிகம். அடியில நிக்கல் போட்டுத்தான் மேல தங்கம் போட்டிருக்காங்க" என்றார். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கவரிங் கம்மல் மங்கியதும் காது புண்ணாகிறதே, அதே கதைதான். எதற்குப் பயந்து கூடுதல் பணம் கொடுத்தேனோ, அந்த நிக்கலே அடியில் காத்திருந்திருக்கிறது. இதை முதலிலேயே கேட்கத் தெரியாமல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மூடிகள் இரண்டும் பட்டையும், உள்ளும் புறமும் சேர்த்து, சுமார் 200 சதுர சென்டிமீட்டர். கால் மைக்ரான் கனம், தங்கத்தின் அடர்த்தி 19.3. பெருக்கினால் கிராமில் பத்தில் ஒரு பங்குகூட முழுதாக வரவில்லை. கிராம் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்தால் ஆயிரம் ரூபாய்க்குள்தான் தங்கம். முலாம் போடும் கூலி இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 7,600 ரூபாயா?

கடைக்குப் போனேன். "வாயில வெச்சு ஊதின பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் சார். முலாம் வாரண்டியில வராது" என்றார்கள். வாய் வைத்த பொருள் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் விற்கும்போது அதைச் சொல்லியிருக்க வேண்டாமா? வால்வுக் கோளாறு நான் ஊதியதாலா வந்தது?

தங்க முலாமே வீண் என்று சொல்ல வரவில்லை. வெள்ளி முலாம் கறுக்கும், இது கறுக்காது, உதடு வழுக்கிக்கொண்டு போகும். கனமாகப் போட்டிருந்தால் அந்தச் சுகத்துக்குக் கொஞ்சம் பணம் கொடுக்கலாம். ஆனால் கூடுதல் பணம் உண்மையில் பேசுகிற இடங்கள் வேறு. ஜெர்மனியின் சைடல் கம்பெனி '1847' மாடலில் பித்தளைக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரீடு போடுகிறது. ஹோனர் கம்பெனியின் 'மரீன் பேண்ட்' மாடல் 1896 முதல் விற்பனையில் இருக்கிறது. அதன் டீலக்ஸ் வகையில் ஆணிக்குப் பதில் திருகாணி, ஈரம் உறிஞ்சாதபடி பூச்சுப் போட்ட மரம். இவை இரண்டும் பத்து ஓட்டை வகை, க்ரோமேடிக் இல்லை. ஆனாலும் அங்கே கொடுக்கிற பணம் ரீடுக்கும் காற்றுக்கும் போகிறது.

கடையில் கேட்க வேண்டியது இதுதான்: முலாம் எத்தனை மைக்ரான், அடியில் என்ன உலோகம். பதில் வராவிட்டால் சாதா மாடலை எடுங்கள். வாய் வைக்காமல் சோதிக்கும் துருத்தி சில கடைகளில் இருக்கும். அதில் வைத்து ஒவ்வொரு ஓட்டையையும் ஊதியும் இழுத்தும், பட்டனை அழுத்தியும் விட்டும், 48 சுரத்தையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். "24 காரட்" என்று வாயால் சொன்னதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். என் பில்லில் "மவுத் ஆர்கன் - 1" என்று மட்டும்தான் இருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். வால்வை மாற்றித் தருவதாகக் கடையிலிருந்து நேற்று போன் வந்தது. முலாம் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.