காய்ச்சல் தொடங்கிய தேதியைக் கேட்காத பரிசோதனைக்கூடம்

மதுரையில் உள்ள ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தின், வீட்டுக்கே வந்து மாதிரி எடுத்துச் செல்லும் சேவையை, ஐப்பசி மழையில் எங்கள் அண்ணா நகர்த் தெருவில் வீட்டுக்கு வீடு இருமல் கேட்டுக்கொண்டிருந்த வாரத்தில் என் அம்மாவுக்காகப் பயன்படுத்தினேன். அவருக்கு வயது 68, சர்க்கரை நோயும் உண்டு. பல சுவாச வைரஸ்களை ஒரே மாதிரியில் தேடும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனைக்குக் கட்டணம் 4,500 ரூபாய்.

மாதிரி எடுக்க வந்த தம்பியின் கைப்பக்குவத்தில் குறையே இல்லை. "கண்ணுல தண்ணி வரும்மா, பயப்படாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பஞ்சுக்குச்சியை மூக்கின் அடித்தளத்தை ஒட்டியே உள்ளே செலுத்தி, சில நொடிகள் மெல்லச் சுழற்றி எடுத்தார். இளஞ்சிவப்புத் திரவம் இருந்த குழாயில் அதை இட்டு, குறியிட்ட இடத்தில் ஒடித்து, மூடியைத் திருகி ஐஸ் பெட்டியில் வைத்தார். 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர் விட்டுப்போனால், இருக்கிற வைரஸும் இல்லை என்று முடிவு வந்துவிடக்கூடும் என்பதால், பெட்டிக்குள் வெப்பமானியைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

குறை, படிவத்தில்தான். முகவரி என்ற இடத்தில் வெறும் 'மதுரை'. காய்ச்சல் தொடங்கிய நாள் என்ற கட்டம் காலி. தொலைபேசியில் கேட்டபோது, "ரிசல்ட்டுக்கு அது தேவையில்லைங்க" என்றார் வரவேற்பில் இருந்தவர். அம்மாவின் முடிவுக்குத் தேவையில்லைதான்; ஊருக்குத் தேவை. எந்த ஊரில் எந்த நோய் பரவுகிறது என்று கவனிக்க மத்திய அரசு 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில், சுகாதாரப் பணியாளரின் சந்தேகம் எஸ் படிவத்திலும், மருத்துவரின் கணிப்பு பி படிவத்திலும், ஆய்வகம் உறுதிசெய்தது எல் படிவத்திலும் ஏறுகின்றன. 2023இல் மார்ச் 9 வரை நாடு முழுவதும் 3,038 பேருக்கு இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ காய்ச்சல்) உறுதியானதாக மத்திய அரசு சொன்ன கணக்கும் அப்படித் திரண்டதே. தொடங்கிய நாள் இல்லாமல் மாதிரி எடுத்த நாளை வைத்து எண்ணினால், தொற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்பது சில நாள் பிந்தியே தெரியும். தெருப்பெயர் இல்லாவிட்டால், செல்லூரில் கூடுகிறதா வில்லாபுரத்தில் கூடுகிறதா என்று பிரித்தறிய வழியில்லை. வற்புறுத்திய பிறகு இரண்டையும் திருத்தினார்கள்.

முடிவு மறுநாள் மாலையே வந்தது: இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸ், அதில் எச்3என்2 என்ற வகை. ஆனால் ஃப்ளூ வைரஸுக்கான ஓசல்டமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும் என்று, எங்கள் மருத்துவர் முடிவுக்குக் காத்திராமல் அதை முன்பே கொடுத்திருந்தார். ஆகவே சிகிச்சையில் எதுவும் மாறவில்லை. இன்ஃப்ளூயன்சா ஏ-யின் இன்னொரு வகையான எச்1என்1 (பன்றிக்காய்ச்சல்) குறித்த வழிகாட்டுதலில் மத்திய சுகாதார அமைச்சகமே நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்து, தீவிரமான சி பிரிவினருக்குத்தான் பரிசோதனை தேவை என்கிறது. வேறு நோயில்லாத இளவயதினர் சாதாரணச் சளிக்கு இவ்வளவு பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். அதில் இரண்டு அந்த ஐஸ் பெட்டித் தம்பிக்கு.