எபிக் கேமை ஸ்டீமுக்கு மாற்றித் தருகிறேன் என்பவனிடம் பணம் கட்டாதீர்கள்

எபிக், ஸ்டீம் இரண்டும் கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடைகள். நாம் வாங்கிய கேம்களின் தொகுப்பை லைப்ரரி என்பார்கள். டெலிகிராமில் கொஞ்ச நாளாக ஒரு விளம்பரம் சுற்றுகிறது. "உங்கள் எபிக் லைப்ரரியை அப்படியே ஸ்டீமுக்கு மாற்றித் தருகிறோம். பாஸ்வேர்ட் வேண்டாம். நூறு சதவீதம் சேஃப்." இருபத்தைந்து கேம் வரை 1,499 ரூபாய், அதற்கு மேல் போனால் தனி ரேட். நான் கட்டினேன். பணம் போனது ஒரு பக்கம், அதைவிடப் பெரிய தொல்லை ஒன்றும் கூடவே வந்து சேர்ந்தது. சேனல் பெயரை எழுதிப் பிரயோஜனமில்லை, அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கிறான். ஏமாற்றும் விதம் மட்டும் மாறவில்லை. அதனால் அதை விவரமாகச் சொல்கிறேன்.

ஒரே கேம் எந்தக் கடையில் இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நகரம் கட்டி ஆடும் சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் எபிக் அதை இலவசமாகக் கொடுத்தது. ஆனால் அந்த கேமின் உயிர் இருப்பது ஸ்டீம் ஒர்க்‌ஷாப்பில். ஆடுபவர்களே செய்து பகிரும் கூடுதல் அம்சங்கள் (மாட்) இருக்கும் இடம் அது. சிக்னலை நாமே அமைக்கும் டிராஃபிக் மாட், விதவிதமான கட்டடங்கள், மரங்கள், பாலங்கள் எல்லாம் அங்கே ஒரே கிளிக்கில் கிடைக்கும். எபிக் காப்பியில் அந்த வசதி கிடையாது. அதே டிசம்பரில் வந்த ஏலியன் ஐசோலேஷன், அடுத்த வருஷம் வந்த கன்ட்ரோல் என்று இலவசமாக வந்ததையெல்லாம் விடாமல் வாங்கிச் சேர்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர். நடுவில் காசு கொடுத்து வாங்கியதும் சில இருக்கும். அதையெல்லாம் ஸ்டீமில் மறுபடி வாங்க யாருக்கு மனசு வரும்? இவன் வலை வீசுவது அங்கேதான்.

முதலில் ஒரு வீடியோ அனுப்பினான். எபிக்கில் உள்ள கேமும் ஸ்டீமில் உள்ள கேமும் ஒரே பட்டியலில் அழகாக அடுக்கி நிற்கின்றன. "பாருங்க பிரதர், லிங்க் ஆகிடுச்சு" என்று ஒரு குரல். வீடியோவில் இருந்தது ஜி.ஓ.ஜி. என்ற இன்னொரு கேம் கடையின் கேலக்ஸி என்ற இலவச மென்பொருள். பல கடைகளில் நம்மிடம் இருக்கும் கேம்களை ஒரே இடத்தில் காட்டும், அவ்வளவுதான். ஒரு கேமைக்கூட இடம் மாற்றாது.

அப்புறம் பழைய கதைகளை எடுத்து விட்டான். இவன் கெட்டிக்காரத்தனமே இதில்தான். சொன்னதில் பாதி நிஜம். 2016-ல் ஜி.ஓ.ஜி. கனெக்ட் என்று ஒரு திட்டம் வந்தது. ஸ்டீமில் வாங்கிய சில கேம்களுக்கு ஜி.ஓ.ஜி.யிலும் ஒரு காப்பி இலவசமாகத் தந்தார்கள். கேம் கம்பெனி சம்மதித்த கேம்களுக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். இப்போது அந்தத் திட்டமே இல்லை. 2022-ல் பெதஸ்டா என்ற கேம் கம்பெனி தன் சொந்த லாஞ்சரை (கேம் வாங்கி ஆடும் மென்பொருளை) மூடியபோது, அதில் வாங்கியிருந்தவர்களின் கேம்களை ஸ்டீமுக்கு மாற்றிக்கொள்ள வழி செய்தது. இணையம் வழியாகவே கேம் ஆடும் கூகுளின் ஸ்டேடியா சேவை 2023 ஜனவரியில் மூடப்பட்டபோது, அங்கே யுபிசாஃப்ட் கேம் வாங்கியவர்களுக்கு அந்தக் கம்பெனி தன் கடையில் பி.சி. காப்பி கொடுத்தது. எல்லாம் உண்மை. இவன் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: அதையெல்லாம் செய்தது கேமை வெளியிட்ட கம்பெனியோ கடையோ. ஒரு பைசா வாங்கவில்லை. நடுவில் புரோக்கர் என்று ஒருவனும் கிடையாது.

சரி, வேலையை எப்படி முடித்தான்? பாஸ்வேர்ட் கேட்கவே இல்லை. எபிக்கில் என்னென்ன வாங்கியிருக்கிறேன் என்று "வெரிஃபை" செய்ய ரசீதுகளின் ஸ்க்ரீன்ஷாட் கேட்டான். ஸ்டீம் ஃப்ரெண்ட் கோடு கேட்டான். யு.பி.ஐ. கியூ.ஆர். அனுப்பினான். ஸ்கேன் செய்தால் ஏதோ ஒரு மளிகைக் கடையின் பெயர் வந்தது. கேட்டதற்கு, "மாமா கடை பிரதர், ஜி.எஸ்.டி. பில் வரணும்ல" என்றான். பணம் போன கொஞ்ச நேரத்தில் ஸ்டீமில் ஒரு அழைப்பு வந்தது. "ட்ரான்ஸ்ஃபர் ரெக்வஸ்ட் வந்திருக்கும், அக்செப்ட் கொடுங்க." கொடுத்ததும் லைப்ரரி மளமளவென்று நிரம்பியது. நான் கேட்டவை, கேட்காதவை, ஐந்தாறு பந்தயக் கார் கேம்கள்கூட. சிட்டீஸ் ஸ்கைலைன்ஸுக்குப் பக்கத்தில் பச்சை நிற 'பிளே' பட்டன்.

அந்த அழைப்பு ட்ரான்ஸ்ஃபர் இல்லை. ஸ்டீம் ஃபேமிலீஸ். 2024-லிருந்து எல்லோருக்கும் கிடைக்கும் வசதி இது. ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஆறு பேர் வரை சேர்ந்து, அவரவர் வாங்கிய கேமை மற்றவர்களும் ஆடலாம். என்னை அவன் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டான். ரேஷன் கார்டில் பெயர் ஏற்றிய மாதிரி. ஒரு கார்டில் பெயர் இருக்கும்வரை இன்னொன்றில் ஏற்ற முடியாதல்லவா, இங்கேயும் அப்படித்தான். கூடுதலாக ஒரு வருஷக் காவலும் உண்டு. குடும்பத்தை விட்டு வெளியே வந்தாலும், சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும்வரை வேறு குடும்பத்தில் சேரவும் முடியாது, புதிதாக ஒன்று தொடங்கவும் முடியாது. இப்படி ஆள் சேர்த்துக் காசு பார்ப்பவர்களைத் தடுக்கத்தான் அந்த விதி. ஆனால் அடி விழுந்தது எனக்கு.

இந்த ஏற்பாடு இருவழிப் பாதை என்பது எனக்குத் தெரிந்த விதம் இன்னும் மோசம். ஒரு ராத்திரி, நானே காசு போட்டு வாங்கிய கேமைத் திறந்தால், காப்பி ஏற்கெனவே ஆட்டத்தில் இருக்கிறது என்று வருகிறது. குடும்பப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முன்பின் தெரியாத பெயர்கள். எல்லோரும் என்னைப் போலக் காசு கட்டியவர்களாகத்தான் இருக்க வேண்டும். அதாவது, என்னுடைய கேம்களை அவர்களுக்கும், அவர்களுடையதை எனக்கும் காட்டி, எல்லோரிடமும் தனித்தனியாகப் பணம் வாங்கியிருக்கிறான். அவன் தன் கையிலிருந்து போட்டது எதுவுமே இல்லை. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. குடும்பத்தில் யாராவது நம் காப்பியை எடுத்து ஆன்லைனில் ஏமாற்றி ஆடித் தடை வாங்கினால், அந்த கேமில் நமக்கும் தடை விழும். என் கணக்கு அதிலிருந்து தப்பியது அதிர்ஷ்டம்.

இதைக் கேட்டு மெசேஜ் அனுப்பினேன். "சர்வர் சிங்க் ஆகுது, 48 மணி நேரம் வெயிட் பண்ணுங்க" என்றான். மறுநாள் காலையில் என்னைக் குடும்பத்திலிருந்து நீக்கியிருந்தான், டெலிகிராமிலும் பிளாக். வந்த கேம்கள் அத்தனையும் போயின. பச்சை 'பிளே' இருந்த இடத்தில் வாங்கச் சொல்லி ஒரு பட்டன். கட்டிய நகரத்தின் சேவ் ஃபைல் மட்டும் என் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. சிட்டீஸ் ஸ்கைலைன்ஸில் அதை எபிக் காப்பியிலும் திறக்கலாம். கடை விட்டுக் கடை மாறக்கூடியது இது ஒன்றுதான், அதற்கு யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. திறந்தால், ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்த சாலைகளும் பாலங்களும் இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. ஆற்றின் இரு கரையிலும் வீடுகள், நடுவே போக வழி இல்லை.

என் அக்கா பையனும் நானும் ஒரு ஸ்டீம் குடும்பம் தொடங்குவதாக இருந்தோம். அவன் வைத்திருக்கும் கேம்களில் பாதி நான் ஆட நினைத்தவை. "என்ன மாமா, ஏற்கெனவே வேற ஃபேமிலில இருந்ததா வருது" என்று அவன் கேட்டபோது வந்த எரிச்சல், 1,499 ரூபாய் போனபோதுகூட வரவில்லை.

இதே மாதிரி ஆளிடம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே பார்க்க வேண்டியது: ஸ்டீமில் அக்கவுன்ட் டீடெயில்ஸுக்குப் போனால் லைசென்ஸ் பட்டியல் ஒன்று வரும். ஒவ்வொரு கேமும் எந்தத் தேதியில், எந்த வழியாக வந்தது என்று அதில் வரிசையாக இருக்கும். லைப்ரரியில் தெரிந்து இந்தப் பட்டியலில் இல்லாத கேம் உங்களுடையது இல்லை. அப்படி இருந்தால் குடும்பப் பக்கத்தைத் திறந்து யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தெரியாத ஆட்கள் என்றால் வெளியே வந்துவிடுங்கள். ஓராண்டு போகும், கணக்காவது மிஞ்சும்.

எபிக் ரசீதைக் கொடுத்திருந்தால் அதையும் லேசாக விடாதீர்கள். கணக்கு கைவிட்டுப் போய் அதை மீட்கக் கேட்கும்போது, கேட்பவர் நிஜமான சொந்தக்காரர்தானா என்று பார்க்க இந்த மாதிரி வாங்கிய விவரங்களைத்தான் கேட்பார்கள். அதே விவரம் அவன் கையிலும் இருக்கிறது. நான் பாஸ்வேர்ட் மாற்றி, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன்.

இன்னொரு வகை ஆட்களும் உண்டு. யாரோ ஒருவருடைய ஸ்டீம் லாகினைக் கொடுத்து, ஆஃப்லைன் மோடில் மட்டும் ஆடுங்கள் என்பார்கள். அங்கே கேம் உங்கள் கணக்குக்கே வராது, பாஸ்வேர்ட் மாறிய அன்றோடு முடிந்தது. அதையும் "ட்ரான்ஸ்ஃபர்" என்றே விற்கிறார்கள்.

பணம் போனவர்கள் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். யு.பி.ஐ. பரிவர்த்தனை எண், கியூ.ஆர். படம், சேனலின் யூசர்நேம் மூன்றும் கையில் இருக்கட்டும். நான் புகார் கொடுத்திருக்கிறேன், புகார் நம்பர் வந்திருக்கிறது, பணம் வரவில்லை. டெலிகிராம் சாட் மெசேஜ்களை மட்டும் முதலில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெலிகிராமில் அவன் நினைத்தால் நம் பக்கத்து மெசேஜையும் சேர்த்தே அழிக்கலாம். எனக்கு அப்படித்தான் செய்தான், அந்த "மாமா கடை" வரி உட்பட.