பலாக்கொட்டை: குக்கரா, இரும்புச் சட்டியா?

ஏற்காட்டுப் பலாப்பழம் சேலத்துக்கு இறங்கிவிட்டால் எங்கள் வீட்டில் இதே பஞ்சாயத்துதான்.

நேரம்: குக்கரில் உப்புப் போட்டு 4 விசில். சட்டியில் சிறுதீயில் 20 நிமிடமாவது கிளறிக்கொண்டே நிற்க வேண்டும்.

உரிப்பது: இங்கேதான் வம்பு. வெந்த கொட்டையின் வெள்ளைத் தோல் ஈரத்தில் வழுக்கும். அதனால் வேகவைக்கும் முன்பே குழவியால் லேசாகத் தட்டித் தோலை எடுத்துவிடுவேன். வறுத்ததில் தோல் காய்ந்து விரிந்திருக்கும், சூட்டோடு நசுக்கினால் கழன்றுவிடும். ஆனால் கீறாமல் போட்டால் வெடிக்கும். ஒருமுறை ஜன்னல் வரை தெறித்தது! உள்ளிருக்கும் பழுப்புத் தோலைச் சுரண்டி மெனக்கெட வேண்டாம், அப்படியே தின்னலாம்.

ருசி: வறுத்ததுதான், சந்தேகமே இல்லை.

சரி, சாம்பாருக்கும் கத்தரிக்காய்க் குழம்புக்கும் குக்கர். மழைநாளில் காபியோடு கொறிக்கச் சட்டி.