சமாரியம் போரேட்டுக்கு எந்த இளக்கி: குளோரைடு உப்பா, கூடுதல் போரிக் அமிலமா?

1,064 நானோமீட்டர் லேசர் ஒளியை உட்கவரும் ஒரு பூச்சுக்காக, புதுச்சேரியில் காலாப்பட்டை ஒட்டிய சிறிய ஆய்வுக்கூடத்தில் நாங்கள் சமாரியம் போரேட் தூள் செய்யத் தொடங்கினோம். சமாரியம் ஆக்சைடையும் போரிக் அமிலத்தையும் வினைபுரிய வைக்க மூன்று வழிகள் இருந்தன: உரிய விகிதத்தில் அரைத்துச் சூடாக்குவது, போரிக் அமிலத்தையே கூடுதலாகச் சேர்த்து இளக்கியாக்குவது (இளக்கி என்பது உருகி, வினை எளிதில் நடக்க உதவும் பொருள்), சோடியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும் கலந்த உருகலில் வினையை நடத்துவது. நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தோம்.

வெறுமனே அரைத்துச் சூடாக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதில் கழுவும் வேலை இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப அரைக்கவும் சூடாக்கவும் வேண்டும், துகள்களும் ஒழுங்கற்று அமைகின்றன.

சமாரியத்தின் உட்கவர் பட்டை, அதாவது அது ஒளியை உட்கவரும் அலைநீளப் பகுதி, ஏறத்தாழ 1,080 நானோமீட்டரை ஒட்டி அமைகிறது. அதற்குக் காரணமான 4எஃப் எலக்ட்ரான்களை வெளிக்கூடுகள் மறைத்திருப்பதால், இளக்கியை மாற்றினாலும் பட்டையின் இடம் பெரிதாக நகர்வதில்லை. அந்த எலக்ட்ரான்களால் நிகழும் உட்கவர்தல் இயல்பாகவே வலுக்குறைந்தது என்பதால், தூளின் தூய்மையும் துகளின் பருமனும்தான் எதிரொளிப்பு எவ்வளவு குறையும் என்பதைத் தீர்மானிக்கின்றன. சற்றே பெரிய, நன்கு படிகமான துகளுக்குள் ஒளி அதிகத் தொலைவு செல்லும். ஆகவே உட்கவர்தலும் கூடும். இரண்டு இளக்கிகளும் இதைத் தருகின்றன.

இரண்டையும் பிரிப்பது, வினை முடிந்தபின் இளக்கியை எப்படி வெளியேற்றுவது என்ற கேள்விதான். குளோரைடுகள் சம மோல் விகிதத்தில் கலந்தால் ஏறத்தாழ 657 டிகிரி செல்சியஸில் உருகுகின்றன. தனித்தனியே அவற்றின் உருகுநிலை 801, 770 டிகிரி. ஆறியபின் கட்டியை வெந்நீரில் ஊறவைத்தால் உப்பு கரைந்து தூள் தங்கிவிடும். கூடுதல் போரிக் அமிலமோ நீரை இழந்து போரான் ஆக்சைடாகி, ஆறும்போது கண்ணாடியாக அலுமினா மூசையில் (சூடாக்கும் கிண்ணத்தில்) ஒட்டிக்கொள்கிறது. அதை வெந்நீரில் மெல்ல மெல்லத்தான் கரைக்க முடியும். கட்டியைப் பெயர்க்கும்போது எங்கள் மூசைகள் இரண்டு விரிசல் விட்டன. போரான் மிகுந்துவிட்டால் மெட்டாபோரேட் என்ற வேறு சேர்மமும் கலந்துவிடக்கூடும். அதை நீரால் பிரிக்க இயலாது.

குளோரைடு முற்றிலும் போயிற்றா என்பதை அறிய, வடிநீரில் நீர்த்த நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டு, சில்வர் நைட்ரேட் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெண்மையான வீழ்படிவு தோன்றாமல் போகும்வரை கழுவ வேண்டும். அமிலம் சேர்க்காவிட்டால் போரேட்டே வெள்ளியுடன் வீழ்படிந்து ஏமாற்றக்கூடும். கடலோரக் கிணற்று நீரில் குளோரைடு ஏற்கெனவே இருப்பதால், காய்ச்சி வடித்த நீரைத்தான் பயன்படுத்த வேண்டும். எங்கள் செலவில் பெரும்பகுதி இந்த நீருக்கே போகிறது. ஆனாலும் இதில் சிக்கனம் கூடாது. எஞ்சும் உப்பு லேசரின் அலைநீளத்தில் ஒளி ஊடுருவுவது. தூளை நீர்க்கச்செய்து உட்கவர்தலைக் குறைக்கும், பூச்சுக்குள் ஈரத்தையும் இழுக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்த வழியைப் பின்பற்றினாலும், சமாரியம் ஆக்சைடை முதலில் 900 டிகிரியில் சூடாக்கி, ஆறியவுடன் எடைபோட வேண்டும். காற்றிலிருந்து ஈரத்தையும் கரியமில வாயுவையும் அது ஏற்றுக்கொள்வதால் எடை பிழைத்துவிடும்.

குளோரைடு உருகலின் குறை அதன் ஆவிதான். வெப்பம் ஏற ஏற அது மஃபிள் உலையின் சூடேற்றுக் கம்பிகளையும் வெப்பநிலையை அளக்கும் வெப்பமின்னிரட்டையையும் அரிக்கிறது. எனவே மூசைக்கு மூடி போட்டு, 850 டிகிரியைத் தாண்டாமல் வைத்துக்கொள்கிறோம். நாங்கள் ஒரு தடவைக்கு 20 கிராமுக்கு மேல் செய்ததில்லை. கிலோக் கணக்கில் செய்பவருக்குக் கழுவும் நீரின் கணக்கே தேர்வை மாற்றக்கூடும் என்பதால், அந்த அளவுக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்கவில்லை.